சைக்கிளும் ஒரு சிட்டிகை உப்பும்

மனிதன் அறிவு பெறுவதற்கு வழிகள் பல உண்டு. நூல்களைக் கற்று அறிவது ஒரு வழி. பெரியோர் சொல்லக் கேட்டு அறிவது மற்றொரு வழி. வெட்கப்பட்டு அறிவது மூன்றாவது வழி. முதலிரண்டு வழிகளின் பெருமையை இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் மாணவருக்கு எடுத்துரைத்து வருகின்ற நான், தாகத்தைப் பற்றிய அறிவை மட்டும் அந்த மூன்றாவது வழியினாலேயே பெற்றேன். பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பும் பெற்றோருக்கும், சைக்கிளில் நெடுந்தூரம் போக விரும்பும் மாணவருக்கும் பயன்படும் என்பதனால், வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அக்கதையை இங்கே எழுதுகின்றேன்.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நம் நாட்டவர் எவரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். பெற்றோலுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற காலம் அது. பாடசாலைகளும் சில வாரம் மூடிக் கிடந்தன. மீண்டும் திறந்தபோது, வீரமுனையிலிருந்து கல்லூரிக்குப் போவதற்கு என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதற்கு ஊற்ற எண்ணெய்தான் இல்லை. புதிய சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும், வந்த வழியே நடந்து திரும்பினேன். அப்பொழுதுதான் என் தந்தையார் வயலுக்குப் போய்வந்த பழைய சைக்கிள் நினைவுக்கு வந்தது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால், ஒட்டடை படிந்து, ஓய்வூதியம் பெற்றவரைப்போல அது சாய்ந்து கிடந்தது. டயரும் டியூபும் சங்கிலியும் மாற்றிய பிறகு ஒரு முனகலோடு ஓடத் தொடங்கிற்று. முதல் வாரம் சைக்கிளைவிட நானே அதிகம் முனகினேன்.

எண்ணெய்த் தட்டுப்பாடு தீர்ந்தது. ஆனால் சைக்கிள் பழக்கம் தீரவில்லை. வயிறு சிறுத்தது, உறக்கம் நன்றாக வந்தது. மேல்வகுப்பு மாணவர் சிலரும், பெற்றோரின் சம்மதத்தோடு, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் என்னோடு சேர்ந்துகொண்டனர். சம்மாந்துறை வயல்வெளி, காரைதீவுக் கடற்கரை, ஒலுவில் என்று எங்கள் பயணம் சிறிது சிறிதாக நீண்டது. அப்படி நீண்டு நீண்டு, 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயில்வரை போய் வருவது என்று முடிவாயிற்று. போக வர எழுபது கிலோமீற்றருக்குக் குறையாது. அதுவரை நாங்கள் போன தூரத்தைவிட அது மிக அதிகம்.

விடியுமுன் எங்கள் ஊர்ச் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரை வணங்கிவிட்டு ஏழு பேர் புறப்பட ஆயத்தமானோம். தலைவன் என்ற முறையில் நான் ஒவ்வொருவருடைய டயரையும் தட்டிப் பார்த்தேன்; பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன்; பிறகு, “குடிக்க என்ன கொண்டு வந்தீர்கள்?” என்று கேட்டேன். என்னுடைய பையில் சிவப்பு நிறத்தில் இரண்டு போத்தல் விளையாட்டுப் பானம் இருந்தது. ஒரு போத்தலின் விலை, ஒரு கிலோ அரிசியின் விலையைவிட அதிகம். விளம்பரத்திலே வீரர் ஒருவர் அதைக் குடித்துவிட்டு மலைமேல் ஏறுவதைக் கண்டு நான் வாங்கிய பொருள் அது. மாணவர் சிலர் தண்ணீரும், சிலர் கடையில் வாங்கிய சோடாவும் வைத்திருந்தனர்.

ஒருவன் மட்டும் போத்தலை வெளியே எடுக்கத் தயங்கினான். கூலிக்கு வேளாண்மை வெட்டும் குடும்பத்துப் பிள்ளை, படிப்பில் கெட்டிக்காரன், அதிகம் பேசாதவன். “எடு தம்பி, பார்ப்போம்” என்றேன். எடுத்தான். பழைய சோடாப் போத்தலொன்றில் வெண்மையாக, கலங்கலாக ஏதோ இருந்தது.

“அம்மா தந்துவிட்டவ, சேர். கஞ்சித் தண்ணி. உப்புப் போட்டது” என்றான்.

நான் சிரித்தேன். சிரித்ததோடு நின்றிருக்கலாம். “என்ன தம்பி, நாங்கள் சைக்கிளில் போகிறோமா, மாட்டு வண்டியில் போகிறோமா? மாட்டுக்கு வைக்கும் கழுநீரைக் கொண்டு வந்திருக்கிறாயே!” என்று வேடிக்கையாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தப் போத்தலைப் பையின் அடியிலே வைத்து மூடிக்கொண்டான். ஆசிரியன் ஒருவனுடைய நாவினால் ஒரு மாணவனுக்கு எவ்வளவு தீங்கு செய்ய முடியும் என்பதை அந்தக் கணத்தில் நான் உணரவில்லை.

போகும் பயணம் இன்பமாக இருந்தது. காரைதீவுச் சந்தியில் திரும்பி, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு பக்கம் கடற்காற்று, மறுபக்கம் வயற்காற்று. பள்ளிவாசலின் அதிகாலைத் தொழுகை அழைப்பை ஓர் ஊரிலும், கோயில் மணியை அடுத்த ஊரிலும் கேட்டுக்கொண்டு சைக்கிளில் போகும் வாய்ப்பு இந்தக் கரையோரத்து மக்களுக்குக் கிடைத்த பேறு. திருக்கோவிலில் கடலாடி, சுவாமி தரிசனம் செய்து, கோயிலடியிலே காலை உணவையும் முடித்துக்கொண்டு, சற்று ஓய்ந்திருந்தோம். அந்த ஓய்வு நீண்டுவிட்டது. திரும்பப் புறப்பட்டபோது வெயில் ஏறிவிட்டது.

ஆடி மாதத்துக் கச்சான் காற்றை அறியாதவர்களுக்கு அதைச் சொல்லி விளக்குவது கடினம். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் இழந்து, சூடேறி, எங்கள் கிழக்குக் கரைக்கு இறங்கி வரும் காற்று அது. அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் முகத்தில் அடிக்கும். வியர்வை சிந்துவதுகூடத் தெரியாது, சிந்தியவுடனே உலர்ந்துவிடும். சட்டையிலே வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும்.

அக்கரைப்பற்றில் கடையொன்றின் முன் இறங்கினோம். என் சிவப்புப் பானம் இரண்டும் எப்பொழுதோ தீர்ந்துவிட்டன. மாணவர் சிலர் ரின்னில் அடைத்த ‘சக்திப் பானம்’ வாங்கினர். சிலர் குளிர்ந்த சோடா வாங்கினர். அவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கப் போனேன். “வேண்டாம் சேர், தாகமில்லை” என்றான். குழாயில் இரண்டு வாய் தண்ணீர் மட்டும் குடித்தான். மானமுள்ள பிள்ளை. என் வேடிக்கைப் பேச்சு அவனுடைய நெஞ்சில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்ததை அப்பொழுதும் நான் அறியவில்லை.

பாலமுனையை அணுகும்போது அவனுடைய சைக்கிள் தள்ளாடிற்று. கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்க, அவன் சைக்கிளோடு தெருவோர மணலில் சரிந்தான். ஓடிச்சென்று பார்த்தோம். முகம் வெளிறியிருந்தது, கண்கள் சொருகின, தலை சுற்றுகின்றது என்று மெல்லச் சொன்னான். நல்ல வேளையாக நினைவு தப்பவில்லை. அருகிலிருந்த வீட்டு வேம்பின் நிழலுக்குத் தூக்கிச் சென்றோம். தலைக்கு அணையாக வைக்க அவனுடைய பையை எடுத்தேன். பை கனத்தது. திறந்து பார்த்தபோது அந்தக் கஞ்சிப் போத்தல் கழுத்துவரை நிறைந்தபடியே இருந்தது. ஒரு மிடறுகூடக் குடித்திருக்கவில்லை.

சத்தம் கேட்டு அவ்வீட்டு மூதாட்டி வெளியே வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவனருகே அமர்ந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என் கையிலிருந்த போத்தலை வாங்கித் திறந்து முகர்ந்தார். “நல்ல கஞ்சித் தண்ணி. இப்ப வெயில்ல புளிச்சிட்டு. காலையிலேயே குடிச்சிருந்தா புள்ளைக்கு இந்த நிலை வந்திருக்காதே! ஏன் மகன் குடிக்கல்ல?” என்று அவனைக் கேட்டார். அவன் பேசவில்லை; என்னையும் பார்க்கவில்லை. அவன் பார்த்திருந்தால்கூட என் மனம் சற்று ஆறியிருக்கும்.

மூதாட்டி உள்ளே போனார். ஒரு பெரிய குவளையில் தண்ணீர், அதில் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேசிக்காய். கலக்கிக் கொண்டுவந்து, “மடமடவென்று குடிக்காதே மகன், கொஞ்சம் கொஞ்சமா” என்று மிடறு மிடறாகக் கொடுத்தார். ஈரத்துணியால் கழுத்தையும் கைகளையும் துடைத்துவிட்டார். கால்மணி நேரத்தில் முகத்தில் இரத்தம் ஊறியது. அரைமணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். எங்களுக்கும் ஆளுக்கொரு குவளை கிடைத்தது. “எங்கட உம்மா, வேளாமை வெட்டப் போறவங்களுக்கு இதத்தான் கலக்கிக் கொடுத்து விடுவா. நீங்க படிச்ச சேர்; உங்களுக்கா நான் சொல்லணும்?” என்றார். அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது வேறுவிதமாகக் கேட்டது.

அவனைத் தெரிந்தவர் ஒருவருடைய முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டோம். அவனுடைய தாயார், “கஞ்சி குடிச்சானா சேர்?” என்று கேட்டார். நான் என்ன விடை சொன்னேன் என்பது எனக்கே இப்பொழுது நினைவில்லை. உண்மையைச் சொல்லவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். தமிழாசிரியனாகிய எனக்கு விளங்கும்படி அவர் விளக்கினார். வியர்வை வெறும் தண்ணீரன்று. அதில் உப்பும் போகிறது. எனவே போன இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். குடலின் சுவரில் ஒரு வாயில் உண்டு. உப்பிலுள்ள சோடியமும், இனிப்பிலுள்ள குளுக்கோசும் கைகோத்து வந்தால் அந்த வாயில் திறக்கும். இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் அவற்றைத் தொடர்ந்து விரைவாக உள்ளே போகும். 1960 ஆம் ஆண்டில் பிராக் நகரில் நடைபெற்ற அறிஞர் கூட்டத்திலே றொபேட் கிரேன் என்பவர் இந்தக் கருத்தை வெளியிட்டாராம். அந்த மூதாட்டி சீனியையும் உப்பையும் ஒரே குவளையில் கலந்ததன் காரணம் இதுதான். அவர் கிரேனைப் படித்தவரல்லர். தம் உம்மாவைப் பார்த்து வளர்ந்தவர்.

அதன்பின் இதுபற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பே மிகுந்தது.

நான் விலை கொடுத்து வாங்கிய சிவப்புத் தண்ணீரின் பிறப்பு அமெரிக்காவிலே, புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அங்கே அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவர், “ஆட்டத்தின்போது நம் வீரர்கள் சிறுநீர் கழிப்பதே இல்லையே, ஏன்?” என்று கேட்டார். அவ்வளவு நீரும் வியர்வையாகப் போய்விடுகிறது என்று கண்ட றொபேட் கேட் என்னும் வைத்தியர், 1965 ஆம் ஆண்டில் தம் குழுவினரோடு உப்பும் சீனியும் கலந்த ஒரு பானத்தைத் தயாரித்தார். சுவை சகிக்கவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாருங்கள் என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவியார். அதுவே கேற்றரேட் என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையாகும் விளையாட்டுப் பானங்களுக்கு முன்னோடி. ஆக, அந்தப் பெரும் வணிகத்தின் அடியிலும் ஒரு பெண்ணின் கைப்பக்குவம் இருக்கிறது.

இதே உப்பும் சீனியும் தண்ணீரும் வேறொரு களத்தில் இதைவிடப் பெரிய வேலை செய்தன. 1971 ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, எல்லை கடந்து இந்தியாவுக்கு வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவிற்று. மேற்கு வங்காளத்துப் போங்கான் என்னும் ஊரில் பணியாற்றிய வைத்தியர் திலீப் மகலனோபிசுக்கு, ஊசிவழி ஏற்றும் உப்புநீர் போதவில்லை. அவர் உப்பையும் குளுக்கோசையும் சோடாவுப்பையும் தண்ணீரில் கரைத்துப் பெரிய பீப்பாக்களில் நிரப்பி, நோயாளரின் உறவினரிடமே குவளைகளைக் கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதுபேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. 1978 ஆம் ஆண்டில் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று எழுதியது. நாங்கள் எண்ணெய் வரிசையில் நின்ற அதே 2022 ஆம் ஆண்டில் அப்பெருமகன் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை வழங்கிற்று. நம் நாட்டில் ‘ஜீவனி’ என்று நாம் கேட்டு வாங்கும் பைக்கற்று, அந்த மருந்தின் வழிவந்ததே.

வங்காளதேசத்திலே இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 1980 முதல் பத்தாண்டு காலம் ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனத்துப் பெண்கள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் கிள்ளிய உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் அளந்த தண்ணீரில் கரைக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்களாம். அரிசிக் கஞ்சியும் இதே வேலையைச் செய்யும் என்று டாக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்தில் நிறுவியிருக்கிறார்கள். அரிசியின் மாச்சத்துக் குடலிலே கரைந்து சிறிது சிறிதாகக் குளுக்கோசாக மாறுகிறது. இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நான் கழுநீர் என்று பழித்த பொருள் அது! எழுத்தறிவு குறைந்த ஒரு தாய் தன் மகனுக்குச் சரியான பானத்தைக் கொடுத்தனுப்பினாள். படித்த நான் அதைக் குடிக்கவிடாமல் செய்தேன்.

நம்முடைய வழக்கங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக இவ்வழியே வரும் அடியார்களுக்குத் தாகசாந்திப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கிறோம். நோன்பு நாள்களில் நம் முஸ்லிம் சகோதரர், பகல் முழுவதும் நீரருந்தாமல் இருந்துவிட்டு, மாலையில் உப்பிட்ட கஞ்சியோடு நோன்பு திறக்கிறார்கள். உடல் வற்றிய நேரத்தில் உடலுக்கு என்ன வேண்டும் என்பதை இந்தக் கரையோரத்து இரு சமூகத்தாரும் நெடுங்காலமாக அறிந்தே வந்திருக்கிறார்கள். அதை மறந்துவிட்டு நாம் கண்ணாடி அலமாரியில் நிறநிறமாகத் தேடுகிறோம்.

இனி, நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவோர் எதைக் குடிக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பயணமானால் நல்ல தண்ணீரே போதும். அதற்கு மேற்பட்டால், அதிலும் வெயிலிற் போவதானால், இப்படிச் செய்துகொள்ளலாம்: கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர், தலைதட்டிய மேசைக்கரண்டியால் சீனி நான்கு, தலைதட்டிய தேக்கரண்டியில் கால்பங்கு உப்பு, இரண்டு தேசிக்காயின் சாறு. சீனி ஏறக்குறைய ஐம்பது கிராமும் உப்பு ஒன்றரைக் கிராமும் இருக்கும். கடைப் பானத்தின் அளவும் ஏறத்தாழ இதுவே. இதற்கு வேண்டிய சீனிக்கும் உப்புக்கும் ஆகும் செலவு, கடையில் குடிக்கும் ஒரு வெறுந்தேநீரின் விலையைத் தாண்டாது. அளவு கரண்டி இல்லாவிட்டால் நாவே தராசு. கண்ணீரைவிட உப்புக் கூடியிருக்கக்கூடாது என்பது தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்கும் விதி. சீனியும் அளவு மீறக்கூடாது. மிகுந்த இனிப்பு வயிற்றிலேயே தங்கிப் புரட்டும். சோடா குடித்த மாணவர் வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டது இதனால்தான். வயிற்றோட்டத்துக்கு உப்பு இதைவிட அதிகம் வேண்டும். அதற்கு ஜீவனிப் பைக்கற்றை, அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே முறை.

கஞ்சித் தண்ணீரும் மிக நன்று. ஆனால் அன்று காலை வடித்ததாக இருக்கவேண்டும், உப்பிட்டதாக இருக்கவேண்டும், வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். உப்பிட்ட மோருக்கும் இதே விதி. இளநீரில் பொற்றாசியம் நிறைய உண்டு. வியர்வையிற் போகும் சோடியமோ அதில் குறைவு. ஆகவே இளநீர் குடிப்பவர் உப்புள்ள ஏதேனும் பண்டத்தையும் சேர்த்து உண்பது நல்லது. ரின்னில் வரும் சக்திப் பானம் விளையாட்டுப் பானமன்று. பெயர் ஒத்திருப்பதால் பலர் மயங்குகிறார்கள். அதிலே கபேன் என்னும் ஊக்கப்பொருள் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அது ஆகாது.

தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் தவறு. 2002 ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரத்து மரதன் ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்ததாம். வழியெல்லாம் தேவைக்கு மேல் குடித்ததே அதற்குப் பெருங்காரணம். எனவே தாகத்தையே வழிகாட்டியாகக் கொண்டு, கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறு என்று குடித்துப் போவது நன்று. பெரும்பாலோருக்கு மணிக்கு அரை லீற்றர் அளவு சரியாக இருக்கும்.

மேலும் ஒன்று: இது வியர்வை சிந்துவோரின் பானம். நாற்காலியில் அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்போருக்கு உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் தேவையில்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடவேண்டாம். வெயிலில் ஒருவர் விழுந்து, பேச்சுத் தடுமாறினாலோ, நினைவு தவறினாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் உடலைக் குளிர்வித்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடவேண்டும். நாங்கள் அன்று தப்பினோம். எல்லாரும் எப்பொழுதும் தப்புவதில்லை.

கதையின் முடிவைச் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. மூன்றாவது வாரம் நானே அவனுடைய வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாயாரிடம் அன்று மறைத்த உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீங்க வேணுமெண்டு சொன்னதில்லைதானே சேர்” என்றார். கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவரிடம், “எனக்கும் அந்தக் கஞ்சியை எப்படி வடிப்பது என்று சொல்லித் தாருங்கள், அக்கா” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் அடுப்படிப் பாடம் கேட்டதை ஊரில் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை அவனும் வந்திருந்தான். பிள்ளையார் கோயில் முன்றிலில், எல்லா மாணவரும் கேட்க, “அன்று நான் சொன்ன சொல் பிழை; அதற்காக வருந்துகிறேன்” என்றேன். மாணவரிடம் மன்னிப்புக் கேட்டால் ஆசிரியனுடைய மதிப்புக் குறைந்துவிடும் என்று சிலர் எண்ணுவார்கள். குறையவில்லை, நான் சோதித்துப் பார்த்தவன். பிறகு என் பையைத் திறந்து, விடியுமுன் எழுந்து நானே வடித்து உப்பிட்ட கஞ்சிப் போத்தலை வெளியே எடுத்தேன். முதல் மிடற்றை அவனிடம் நீட்டினேன்.

இப்பொழுது எங்கள் ஞாயிற்றுப் பயணம் பாலமுனையைக் கடக்கும்போதெல்லாம் அந்த வேம்படியில் ஒருமுறை நிற்கும். மூதாட்டிக்குத் தோட்டத்துத் தேசிக்காயில் நாலைந்து கொடுப்போம். அவர் அவற்றில் இரண்டைப் பிழிந்து எங்களுக்கே திருப்பிக் கொடுப்பார். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்ற பழமொழியை எத்தனையோ ஆண்டு வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த வேம்பின் நிழலிலேதான்.

அன்று காலை நான் நீட்டிய போத்தலை அவன் வாங்கி ஒரு மிடறு குடித்தான். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். சற்று யோசித்தான், பரீட்சைத் தாள் திருத்துகிறவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

“நல்லம் சேர். உப்புத்தான் கொஞ்சம் காணாது” என்றான்.